வீட்டு இணையம் விட்டு விட்டு வருகிறதா? புது ரவுட்டர் வாங்க முன்னர் கவனிக்க வேண்டியவை

மாலை ஏழு மணிக்கு சூம் வகுப்பு தொடங்குகிறது. பத்து நிமிடத்தில் ஆசிரியரின் முகம் திரையில் உறைந்துவிடும். குரல் துண்டு துண்டாக வரும். பிள்ளை ரவுட்டரை நிறுத்திப் போட்டுவிட்டு வருவதற்குள் அரைவாசிக் கணக்கு முடிந்திருக்கும். இது இன்று நம்மில் பல வீடுகளில் நடக்கும் கதை.

2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீட்டு இணையம் ஒரு தற்காலிகத் தேவையாகத்தான் வந்தது. இப்போது ரியூசன், வீட்டிலிருந்து செய்யும் வேலை, வங்கிக் கொடுக்கல் வாங்கல், வெளிநாட்டில் இருக்கும் உறவுகளோடு பேசுவது எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. அது தடுமாறும்போது பெரும்பாலானோர் செய்வது இரண்டில் ஒன்று. கடையில் போய்ப் புது ரவுட்டர் வாங்குகிறார்கள், அல்லது கூடிய கட்டணமுள்ள பொதிக்கு மாறுகிறார்கள். இரண்டுக்கும் பணம் போகும். பிழை வேறு இடத்தில் இருந்தால் இரண்டாலும் பயன் இருக்காது.

பிழை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத் தொழில்நுட்பப் படிப்புத் தேவையில்லை. ஒரு லான் கேபிள், ஒரு மடிக்கணினி, அரை மணி நேரப் பொறுமை இருந்தால் போதும்.

சங்கிலியில் எந்தக் கண்ணி?

உங்கள் கைபேசிக்கும் யூடியூப்புக்கும் இடையில் நான்கு கண்ணிகள் உள்ளன. முதலாவது, கைபேசியிலிருந்து ரவுட்டர் வரையான வைஃபை. இரண்டாவது, ரவுட்டரும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் அடப்டரும். மூன்றாவது, வீட்டிலிருந்து நிறுவனத்தின் நிலையம் வரையான இணைப்பு. அது பைபராகவோ, செப்புக் கம்பியாகவோ, 4ஜி கோபுரமாகவோ இருக்கலாம். நான்காவது, நிறுவனத்திலிருந்து வெளியுலகம் வரையான பாதை.

முதல் இரண்டும் உங்கள் பொறுப்பு. பின்னிரண்டும் நிறுவனத்தின் பொறுப்பு. இந்தக் கோட்டைச் சரியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் வேலையின் பாதி. 'வைஃபை வேலை செய்யவில்லை' என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் வைஃபை முழுப் புள்ளிகளோடு நன்றாக இருந்து, இணையம் மட்டும் இல்லாமல் இருக்கலாம். கைபேசியில் தெரியும் வைஃபைக் குறி, ரவுட்டர் வரையான தொடர்பை மட்டுமே காட்டுகிறது. ரவுட்டருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

முதலில் இரண்டு நாள் குறித்து வையுங்கள்

ஒரு கொப்பியில் இணையம் தடைப்படும் நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது ரவுட்டரில் எந்த விளக்குகள் எரிந்தன, மழை பெய்ததா, மின்சாரம் ஏறி இறங்கியதா, வீட்டில் எல்லோருக்குமா ஒருவருக்கு மட்டுமா என்பவற்றை எழுதி வையுங்கள். இரண்டு மூன்று நாட்களில் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். அந்த ஒழுங்குதான் காரணத்தைக் காட்டிக் கொடுக்கும்.

எல்லாச் சாதனங்களிலும் ஒரே நேரத்தில் நின்றால் பிழை ரவுட்டரிலோ வெளி இணைப்பிலோ இருக்கிறது. ஒரு கைபேசியில் மட்டும் நின்றால் அந்தக் கைபேசியைப் பாருங்கள். ஒரு அறையில் மட்டும் நின்றால் அது வைஃபை எட்டாத பிரச்சினை. மாலையில் மட்டும் மெதுவாகி அதிகாலையில் நன்றாக இருந்தால் அது நெரிசல். மாதக் கடைசியில் மட்டும் மெதுவானால், முதலில் டேட்டா ஒதுக்கீடு முடிந்துவிட்டதா என்று நிறுவனத்தின் செயலியில் பாருங்கள். ஒதுக்கீடு தீர்ந்த பின்னர் வேகத்தைக் குறைக்கும் பொதிகள் இங்கே சாதாரணம். பழுது என்று நினைத்துத் தேடியது கடைசியில் தீர்ந்துபோன டேட்டாவாக இருப்பதும் உண்டு.

எட்டால் வகுக்க மறக்க வேண்டாம்

வேகம் குறைவு என்ற முறைப்பாடுகளில் ஒரு பங்கு, அலகுக் குழப்பத்தால் வருவது. நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கோப்புகளைத் தரவிறக்கும்போது கணினி பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 16 மெகாபிட் இணைப்பில் செக்கனுக்கு 2 மெகாபைட்தான் உச்சம். 100 மெகாபிட் இணைப்பில் அது 12.5 மெகாபைட். தரவிறக்கம் 2 மெகாபைட் காட்டினால் 16 மெகாபிட் பொதிக்காரர் நிறுவனத்தோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை.

அதேபோல, தேவைக்கு மேற்பட்ட வேகத்துக்குப் பணம் கட்டவும் வேண்டியதில்லை. ஒரு நல்ல தரமான காணொளிக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் போதும். ஒரு சூம் வகுப்புக்கு 2 முதல் 3 மெகாபிட் போதும். 20 மெகாபிட் இணைப்பில் வகுப்புத் தடுமாறுகிறது என்றால் அங்கே குறைவது பெரும்பாலும் வேகம் அல்ல, நிலைப்புத்தன்மை.

முதல் சோதனை: கேபிளைக் குத்திப் பாருங்கள்

மடிக்கணினியின் வைஃபையை நிறுத்திவிட்டு, லான் கேபிளால் நேரடியாக ரவுட்டரோடு இணையுங்கள். வீட்டில் வேறு யாரும் இணையம் பாவிக்காத நேரத்தில் வேகப் பரிசோதனைத் தளம் ஒன்றில் மூன்று முறை சோதித்துப் பாருங்கள். பிறகு கேபிளைக் கழற்றி, ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருந்து வைஃபையில் சோதியுங்கள். கடைசியாக நீங்கள் வழமையாக இருக்கும் அறையில் சோதியுங்கள்.

கேபிளிலும் மெதுவாக இருந்தால் வைஃபையை விட்டுவிடலாம். பிழை ரவுட்டரிலோ வெளி இணைப்பிலோ உள்ளது. கேபிளில் நன்றாக இருந்து, ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைஃபை மெதுவானால் வைஃபை அலைவரிசையில் நெரிசல், அல்லது உங்கள் சாதனம் பழையது. பக்கத்தில் நன்றாக இருந்து அறையில் மட்டும் மெதுவானால் சுவரும் தூரமும்தான் காரணம்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. கேபிளில் வேகம் 95 மெகாபிட்டைத் தாண்டவே மாட்டேன் என்கிறதா? லான் கேபிளுக்குள் எட்டு இழைகள் உண்டு. அவற்றில் ஒன்று உடைந்திருந்தாலும், நான்கு இழை மட்டும் பொருத்திய மலிவான கேபிளாக இருந்தாலும், இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். 100 மெகாபிட் மட்டுமே தாங்கும் துளைகளைக் கொண்ட பழைய ரவுட்டர்களும் இருக்கின்றன.

இரண்டாவது சோதனை: பிங்

வேகப் பரிசோதனை ஒரு கணத்தின் படம்தான். இணைப்பு விட்டு விட்டு வருவதைப் பிடிக்க அது உதவாது. அதற்கு பிங் என்ற எளிய கட்டளை இருக்கிறது. இது ஒரு சிறு தரவுப் பொட்டலத்தை அனுப்பி, அது திரும்பி வர எத்தனை மில்லி செக்கன் ஆனது என்று சொல்லும்.

விண்டோஸ் கணினியில் தேடல் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் கறுப்புத் திரை ஒன்று திறக்கும். அதில் பிங் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியை எழுதுங்கள். பல ரவுட்டர்களில் அது 192.168.1.1. சில 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1. சரியான முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். முகவரிக்குப் பின்னர் ஒரு இடைவெளி, ஒரு சிறு கோடு, டி என்ற ஆங்கில எழுத்து ஆகியவற்றைச் சேர்த்தால், நீங்கள் நிறுத்தும் வரை சோதனை தொடர்ந்து ஓடும். கண்ட்ரோல் விசையோடு சி எழுத்தை அழுத்தினால் நிற்கும். கைபேசியில் செய்வதென்றால் இதற்கான இலவசச் செயலிகள் உண்டு.

இதேபோல இரண்டாவது திரையைத் திறந்து 8.8.8.8 என்ற கூகுளின் முகவரிக்கும் பிங் போடுங்கள். இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள்.

ரவுட்டருக்கான பிங், கேபிளில் 1 மில்லி செக்கன் அளவிலும், நல்ல வைஃபையில் ஒற்றை இலக்கத்திலும் இருக்க வேண்டும். அது 100, 300 என்று தாவினாலோ இடையில் பதிலே வராமல் போனாலோ பிரச்சினை வீட்டுக்குள். ரவுட்டர் பிங் ஒழுங்காக இருந்து 8.8.8.8 மட்டும் தாவினால் அல்லது நின்றால் பிரச்சினை வெளி இணைப்பில். இரண்டும் நன்றாக இருந்தும் இணையத்தளங்கள் மட்டும் திறக்காவிட்டால், தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவையில் கோளாறு. ரவுட்டரின் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கலாம். டிஎன்எஸ்ஸை மாற்றினால் பக்கங்கள் திறக்கத் தொடங்கும் நேரம் குறையலாம். ஆனால் தரவிறக்க வேகம் கூடும் என்று சொல்லப்படுவதை நம்பாதீர்கள்.

வெளிநாட்டுச் சேவையகங்களின் பிங் கூடுதலாக இருப்பது பழுது அல்ல. ஒளியிழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர்தான் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர். ஆகவே போய் வர எந்த நிறுவனத்தாலும் 27 மில்லி செக்கனுக்குக் கீழே இறக்க முடியாது. ஐரோப்பா, அமெரிக்கா என்றால் இன்னும் கூடும். மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 போன்ற கடலடிக் கேபிள்கள் வழியாகத்தான் நமது இணையம் வெளியே போகிறது. அவற்றில் ஒன்று பழுதடைந்தால் உள்ளூர்த் தளங்கள் நன்றாக இருந்து வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் இழுக்கும். அப்போது ரவுட்டரை நூறு தடவை நிறுத்திப் போட்டும் பயனில்லை.

வைஃபை: இடம்தான் முக்கியம்

பெரும்பாலான வீடுகளில் ரவுட்டர் இருக்கும் இடத்தை நிறுவனத்திலிருந்து வந்த ஊழியரே தீர்மானித்திருப்பார். கேபிள் வீட்டுக்குள் நுழைந்த முன்யன்னல் மூலைதான் அது. அங்கிருந்து அலைகளில் பாதி வீதிக்குப் போகிறது. மீதி பின்னறைக்குப் போக மூன்று சுவர்களைத் தாண்ட வேண்டும்.

கம்பி வைத்த கொங்கிரீட் அலைகளை நன்றாகவே தடுக்கும். யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளின் தடித்த சுண்ணாம்புக் கல் சுவர்களும் அப்படித்தான். உலோக அலுமாரி, பெரிய நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி, குளிர்சாதனப் பெட்டி, தகரத் தடுப்பு ஆகியவையும் தடைகள். தொலைக்காட்சிக்குப் பின்னாலும் கண்ணாடி அலுமாரிக்குள்ளும் அழகுக்காக ரவுட்டரை ஒளித்து வைப்பது தவறு. வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். பைபராக இருந்தாலும், ரவுட்டரை நடுவுக்குக் கொண்டுவர நீண்ட கேபிளுக்குச் செலவழிப்பது, பெரிய பொதிக்கு மாதாமாதம் கட்டுவதைவிட மலிவு.

வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பாதைகள் பொதுவாக உண்டு. 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும். ஆனால் மெதுவானது, நெரிசல் கூடியது. குசினியில் மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யும்போதெல்லாம் இணையம் இழுத்தால் காரணம் இதுதான். அந்த அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஒன்றிரண்டு சுவரோடு தளர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5ஐயும், தொலைவில் 2.4ஐயும் பாவியுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்தால் எதில் இருக்கிறோம் என்று தெரியும்.

கொழும்பின் தொடர்மாடிகளில் இருப்போருக்கு இன்னொரு சிக்கல். பக்கத்து வீடுகளின் இருபது முப்பது வைஃபைகள் ஒரே பாதையில் முட்டிக்கொள்கின்றன. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. வைஃபை அனலைசர் போன்ற இலவசச் செயலியால் எந்தச் சனலில் கூட்டம் குறைவு என்று பார்த்து, ரவுட்டரில் அதைத் தெரிவு செய்யலாம். 3, 8 என்று இடைப்பட்ட சனலைத் தெரிவு செய்தால் இரு பக்கமும் இடிபட வேண்டிவரும். சனல் அகலத்தை 2.4இல் 20 மெகாஹெர்ட்ஸ் என்று வைப்பதே நெருக்கமான இடங்களில் நல்லது.

அடப்டரும் சூடும்

ரவுட்டர் தானாகவே நின்று நின்று போடுகிறதா? எல்லா விளக்குகளும் அணைந்து மீண்டும் எரிகின்றனவா? அது இணைய நிறுவனத்தின் பழுது அல்ல. பெரும்பாலும் அடப்டர்தான் காரணம். சில வருடங்கள் இடைவிடாமல் ஓடிய அடப்டர் 12 வோல்ற் கொடுப்பதாக எழுதியிருந்தாலும், வேலை கூடும் நேரத்தில் அதைத் தாங்காது. அதே வோல்ற், அதே அல்லது கூடிய அம்பியர் உள்ள புதிய அடப்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வோல்ற் மாறக்கூடாது. முனையின் நேர், எதிர் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ரவுட்டர் வாங்கும் விலையோடு பார்த்தால் இது சிறிய செலவு.

தகரக் கூரை வீட்டில் மதிய நேரம் மட்டும் தடைப்பட்டால் சூட்டைச் சந்தேகியுங்கள். ரவுட்டரின் மேல் துணியோ புத்தகமோ வைக்காதீர்கள். காற்றுத் துளைகளில் தூசியும் எறும்பும் சேரும். மாதம் ஒருமுறை துடையுங்கள்.

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில்தான் ரவுட்டருக்கான சிறிய யூபிஎஸ் பல வீடுகளுக்குள் வந்தது. மின்சாரம் போகும்போது மட்டுமல்ல, ஒரு கணம் மின்னி வரும்போதும் ரவுட்டர் மறுபடி தொடங்குவதை அது தடுக்கும். ஆனால் நீண்ட மின்வெட்டில் 4ஜி கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்துவிடலாம். அப்போது வீட்டில் யூபிஎஸ் இருந்தும் இணையம் இருக்காது.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி மின்னல் கூடும் நாட்களில், மின்சாரப் பிளக்கை மட்டுமல்ல, தொலைபேசிக் கம்பியையும் கழற்றி விடுங்கள். மின்னல் செப்புக் கம்பி வழியாகவும் வரும். ஒளியிழையில் மின்சாரம் ஓடாது என்பதால் பைபருக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் அதன் அடப்டருக்கு உண்டு.

வெளி இணைப்பு: ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குறி

செப்புக் கம்பி இணைப்பு: தொலைபேசியை எடுத்துக் காதில் வையுங்கள். கரகரப்புச் சத்தம் கேட்டால் கம்பியில் பழுது. மழை பெய்தால் மட்டும் இணையம் நின்றால், வெளியே எங்கோ ஒரு பொருத்தில் துரு ஏறி நீர் புகுகிறது. தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் இணையம் அறுந்தால், ஏதோ ஒரு தொலைபேசிக்குப் பில்டர் பொருத்தப்படவில்லை. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் இடையிலான இடைவெளி டெசிபலில் காட்டப்படும். அது 6க்குக் கீழே இறங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். 10க்கு மேல் இருப்பது நல்லது. நிலையத்திலிருந்து வீடு தூரமாகத் தூரமாக வேகம் குறையும். ஏடிஎஸ்எல் 2 பிளஸ் தொழில்நுட்பத்தின் உச்சம் 24 மெகாபிட். ஆனால் மூன்று நான்கு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு அது கிடைக்காது.

பைபர்: பெட்டியில் 'லொஸ்' என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை. இழை எங்கோ அறுந்துள்ளது, அல்லது மடிந்துள்ளது. எலியும் அணிலும் கடிப்பதும், கதவு இடுக்கில் நசிவதும் வழமையான காரணங்கள். வீட்டுக்குள் கேபிள் இறுக்கமாக மடிந்திருந்தால் மெதுவாக நிமிர்த்தலாம். அதற்கு மேல் தொட வேண்டாம். முனையைக் கழற்றி விரலால் துடைக்காதீர்கள். கண்ணால் உள்ளே பார்க்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. நிலைப் பக்கத்தில் பெறப்படும் ஒளியின் அளவு தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாகக் கழித்தல் 8க்கும் கழித்தல் 27க்கும் இடையில் இருக்க வேண்டும். கழித்தல் 27ஐ நெருங்கினால் விளக்குப் பச்சையாக இருந்தாலும் இணைப்புத் தடுமாறும்.

4ஜி: ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி என்பது சமிக்ஞையின் பலம். கழித்தல் 90 நல்லது, கழித்தல் 110க்கு அப்பால் மோசம். சைனர் என்பது சமிக்ஞையின் தெளிவு. 20க்கு மேல் மிக நன்று, 0க்குக் கீழே மோசம். ரவுட்டரை யன்னல் யன்னலாக மாற்றி வைத்து இந்த எண்களை எழுதுங்கள். ஒரு யன்னலிலிருந்து மறு யன்னலுக்கு மாற்றியதிலேயே வேகம் இரட்டிப்பாகக் கூடும். கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே அடர்ந்த மரங்கள் இருந்தால், மழையில் இலைகள் நனையும்போது சமிக்ஞை இன்னும் தளரும். இரண்டு எண்களும் நன்றாக இருந்தும் இரவு எட்டு மணிக்கு மட்டும் மெதுவானால், கோபுரத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அதற்கு அன்டெனா வாங்கிப் பயனில்லை. அந்தப் பகுதியில் பைபர் இருக்கிறதா, வேறு நிறுவனத்தின் கோபுரத்தில் நெரிசல் குறைவா என்று விசாரிப்பதே வழி.

வீட்டுக்குள்ளேயே யார் இழுக்கிறார்கள்?

ஒருவர் எதையாவது மேலேற்றத் தொடங்கியதும் எல்லோருக்கும் இணையம் நின்றுபோவது பலர் கவனிக்காத பிரச்சினை. கைபேசி வீட்டுக்கு வந்ததும் அன்றைய படங்களையெல்லாம் கூகுள் போட்டோஸுக்கு அனுப்பத் தொடங்கும். கண்காணிப்புக் கமரா இருபத்து நான்கு மணி நேரமும் காணொளி அனுப்பும். பல இணைப்புகளில் மேலேற்றும் வேகம் தரவிறக்கும் வேகத்தைவிட மிகக் குறைவு. அது நிரம்பியதும், ஒரு பக்கத்தைத் திறக்கக் கேட்கும் சிறு கோரிக்கைகூட வரிசையில் காத்து நிற்க வேண்டும். அப்போது 8.8.8.8க்கான பிங் 40இலிருந்து 800க்குத் தாவுவதைப் பார்க்கலாம்.

சோதனை எளிது. பிங் ஓடும்போதே வீட்டிலுள்ள சாதனங்களை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து விலக்குங்கள். எதை விலக்கியதும் எண் இறங்குகிறதோ அதுதான் காரணம். படப் பிரதிகளை இரவில் அனுப்பும்படி மாற்றுங்கள். கமராவின் தரத்தைக் குறையுங்கள். ரவுட்டரில் முன்னுரிமை வசதி இருந்தால் வகுப்புக் கணினிக்கு முதலிடம் கொடுங்கள்.

ரவுட்டரின் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலையும் பாருங்கள். உங்கள் வீட்டில் இல்லாத பெயர்கள் இருந்தால் கடவுச்சொல் வெளியே போய்விட்டது. வைஃபைக் கடவுச்சொல்லையும் ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் இரண்டையும் மாற்றுங்கள்.

இரண்டாவது ரவுட்டரால் வரும் வினை

மேல்மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று கடையில் வாங்கிய இரண்டாவது ரவுட்டரை அப்படியே இணைப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தால், இரண்டும் சாதனங்களுக்கு முகவரி வழங்கத் தொடங்கினால், இணையம் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. இன்று வேலை செய்வது நாளை செய்யாது. இரண்டாவது ரவுட்டரை அக்சஸ் பொயின்ற் என்ற நிலைக்கு மாற்றி, கேபிளால் இணைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

கேபிள் இல்லாமல் சமிக்ஞையை நீட்டும் ரிப்பீற்றர், கிடைத்ததை மறுபடி ஒலிபரப்பும். ஒரே அலைவரிசையில் கேட்பதும் சொல்வதும் நடப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சமிக்ஞையே இல்லாத அறையில் அதை வைப்பதில் அர்த்தமில்லை. நல்ல சமிக்ஞை இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவில் வையுங்கள்.

ரீசெட் துளையைக் குத்த வேண்டாம்

ரவுட்டரை நிறுத்திப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. பின்பக்கத்துச் சிறு துளைக்குள் ஊசியால் அழுத்தினால் எல்லா அமைப்புகளும் அழிந்துவிடும். செப்புக் கம்பி, பைபர் இணைப்புகள் சிலவற்றில் நிறுவனம் தந்த பாவனையாளர் பெயரும் கடவுச்சொல்லும் உள்ளே பதியப்பட்டிருக்கும். அவை போய்விட்டால் ஊழியர் வரும்வரை இணையம் இல்லை. நிறுத்திப் போடுவதென்றால் பிளக்கைக் கழற்றி அரை நிமிடம் விட்டு மீண்டும் போடுங்கள். தினமும் அப்படிச் செய்தால்தான் வேலை செய்கிறது என்ற நிலை வந்தால், அது தீர்வு அல்ல, பழுதின் அறிகுறி.

முறைப்பாடு செய்யும்போது

வாடிக்கையாளர் சேவையில் 'இணையம் ஸ்லோ' என்று மட்டும் சொன்னால், ரவுட்டரை நிறுத்திப் போடுங்கள் என்ற பதிலே வரும். 'கேபிளில் சோதித்தேன். ரவுட்டர் பிங் 1 மில்லி செக்கன். வெளியே பத்து நிமிடத்தில் முப்பது பொட்டலங்கள் தொலைந்தன. மூன்று நாட்களாக இரவு ஏழுக்கும் பத்துக்கும் இடையில் இப்படி' என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுப் பக்கத்தில் பிழை இல்லை என்பதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். அழைப்பு அடுத்த கட்டத்துக்குப் போகும் வாய்ப்புக் கூடும்.

ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் இலக்கம் கேட்டு வாங்குங்கள். திகதி, நேரம், பேசியவர் சொன்ன தீர்வு ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். சோதனைத் திரைகளைப் படம் பிடித்து வையுங்கள். நிறுவனம் திரும்பத் திரும்பத் தட்டிக் கழித்தால், இந்த ஆவணங்களோடு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்து மூலம் முறையிடலாம். கையில் இலக்கமும் திகதியும் இல்லாத முறைப்பாடு அங்கேயும் வெறும் வாய்ப்பேச்சுத்தான்.

சுருக்கமாக

ஒரு அறையில் மட்டும் மெதுவா? ரவுட்டரை இடம் மாற்றுங்கள்.

ஒரு சாதனத்தில் மட்டுமா? அந்தச் சாதனத்தின் வைஃபை அமைப்பை நீக்கி மறுபடி இணையுங்கள்.

விளக்குகள் எல்லாம் அணைந்து எரிகின்றனவா? அடப்டரை மாற்றுங்கள்.

மழையில் மட்டுமா? செப்புக் கம்பியானால் பொருத்துப் பழுது என்று முறையிடுங்கள்.

இரவில் மட்டுமா? ரவுட்டர் பிங்கைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் நெரிசல் வெளியே.

மாதக் கடைசியில் மட்டுமா? ஒதுக்கீட்டைப் பாருங்கள்.

கேபிளில் நல்ல வேகம், வைஃபையில் இல்லையா? பெரிய பொதி வாங்காதீர்கள்.

கேபிளிலும் மோசமா? இப்போது நிறுவனத்தை அழையுங்கள். புது ரவுட்டர் வாங்குவது, வேறொரு ரவுட்டரை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்து, வித்தியாசம் தெரிந்த பின்னர் செய்ய வேண்டிய வேலை.